வாத்துக் கூண்டின் தாழ்ப்பாள்

தன் தங்கை வீட்டுக் கொல்லையில் தச்சர் இடுப்புயரத்துக்கு ஒரு வாத்துக் கூண்டு செய்து முடித்தார். எங்கோ இடித்த பழைய வீட்டுக் கதவுகளையே சுவராக நிறுத்தியதால் செலவு ஆணிக்கு மட்டும்தான்.

லாரி ஓட்டும் தங்கை புருஷன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "என்ன மச்சான், தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டு வச்சிருக்கீங்க? வாத்து எந்திரிச்சு சாத்திக்குமா?"

"கை தவறிடுச்சு மாப்ள. இன்னொரு நாள் மாத்தித் தர்றேன்."

மறுவாரம் ஒரு மத்தியானம், சோறு ஆறிப்போனதற்காக அவன் மனைவியின் தலையைச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, அவள் உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு அவன் வருவதற்குள் ஆளைக் காணோம்.

"எங்கடி போயிருவ? உங்கண்ணன் குடுத்த வாத்தை எல்லாம் கழுத்தைத் திருகிப் போடுறேன் பாரு."

கூண்டை ஓங்கி அடித்தான். பலகை அசையவில்லை. அவன் மணிக்கட்டுதான் விண்ணென்று தெறித்தது. கதவைப் பிடித்து இழுத்தான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியோரம், நாலு வாத்தும் கத்திக்கொண்டு நின்றன.

கூண்டுக்குள் மனைவி போனில் பேசுவது கேட்டது.

"அண்ணே, நீ சொன்ன மாதிரியே உள்ள போய்ச் சாத்திக்கிட்டேன். ஆளுங்களோட வா."