நாலாவது மாடித் தூண்

டக். டக். டக்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான்.

அவள் அடுப்பை அணைத்தாள். பக்கத்து வீட்டு ரெஜினா வந்துவிட்டாள்!

காலை ஏழு மணிக்குக் கேட்க வேண்டியது பதினொன்றுக்குக் கேட்டால் என்ன, நாக்பூர் ரயில் தாமதமாகியிருக்கும்.

ஓடிப்போய் இரண்டு முறை திருப்பித் தட்டினாள்.

மூன்று தட்டினால், நான் எழுந்துவிட்டேன். இரண்டு தட்டினால், நானும். இரண்டாம் மாடியில் தனியாக இருந்தவர் இறந்துபோனது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்றைக்கு இருவரும் பேசிவைத்த ஏற்பாடு இது.

ஆடியில் ரெஜினாவின் மகள் வந்து அவளை நாக்பூருக்கு அழைத்துப் போனாள். வீட்டுச் சாவியைக் குடியிருப்போர் சங்கத்தில் கொடுத்தாள். ரெண்டே மாதம் என்றாள்.

இப்போது தை.

இன்னமும் தினமும் ஏழு மணிக்கு அவள் மூன்று தட்டிவிட்டு நிற்பாள். பூட்டிய வீடு என்ன பதில் சொல்லும்.

டக். டக். டக். டக்.

நாலா? ஊருக்குப் போன இடத்தில் கணக்கே மறந்துவிட்டதா இவளுக்கு! வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பே அவளுக்குப் புதிதாக இருந்தது.

இரண்டு டம்ளர் காபி. ரெஜினாவுக்கு அரை ஸ்பூன் சர்க்கரைதான்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஹெல்மெட் போட்ட ஒருவன். தூணின் பூச்சைச் சுரண்டி, டார்ச் லைட் மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினான். டக். ஓர் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டான்.

"லிஃப்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தோமேம்மா. பூகம்பம் வந்தா பில்டிங் தாங்குமான்னு டெஸ்ட் பண்றோம்."

அவள் லிஃப்ட் பக்கம் போய் ஐந்து நாளாகிறது.

"தாங்குமா?"

"இந்தத் தூண் நல்லா இருக்கும்மா. பயப்படாதீங்க."

ரெஜினாவுக்கென்று கலந்த காபியை அவனிடம் நீட்டினாள். அவன் நின்றபடியே குடித்தான். சர்க்கரை போதவில்லை என்று சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

"நாளைக்கும் இதே வீடுதாம்மா. அந்தச் சுவர் ஓரத்துல இன்னொரு தூண் பாக்கி. ஒன்பது மணிக்கு வந்துடுவேன். சத்தம் தொந்தரவா இருக்கா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு வர முடியாதாப்பா?"