மரத்தூள்

அந்தக் கிடங்கில் ஐஸ் வைப்பதை நிறுத்தி அறுபது வருடமாகிறது. இடிக்க வந்த இன்ஜினியருக்கு அதன் தடித்த சுவரும் இளக்காரம், வாசலில் நின்ற காவல்காரரும் இளக்காரம். உள்ளே ஆளுயரத்துக்கு மரத்தூள் குவிந்து கிடந்தது.

“இது எதுக்குய்யா, எலி வளர்க்கவா?”

“மூடி வைக்கணும் சார். இல்லேன்னா உருகிடும்.”

“எது? உன் மூளையா?”

ஆள்விட்டு அத்தனையையும் வாரிக் கொட்டச் சொன்னார். அடியில் காய்ந்த தரைதான் இருந்தது. “பாத்துக்க” என்று காறித் துப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது, வாசலோரம் உருகும் நீர் வடிய அந்தக் காலத்தில் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டார், விரல் விறைத்தது.

“எந்தக் குழாய்யா உடைஞ்சுது?” என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். அங்கே குழாயே இல்லை. தரையும் காய்ந்தபடியே இருந்தது.

கிடங்கின் நட்டநடுவில், காலை நீட்டி ஊன்றி, ஒன்றுமில்லாத இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார் காவல்காரர். இன்ஜினியரை ஏற இறங்கப் பார்த்தார்.

“படிச்சவருன்னு நெனச்சேன். அதுக்குள்ள அரை அடி போயிடுச்சு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். முதுகுப்பக்கம் நனைந்திருந்த சட்டை வெறுங்காற்றில் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் பிரிந்து வந்தது.