லிங்க் வேணாம்

"அமுக்கட்டா மாமி?"

சஹ்லாவின் விரல் தயாராக நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், அம்ஹாவின் கலியாண வீடியோ லிங்க் குடும்பக் குறூப்புக்குப் போய்விடும். கல்முனை முதல் கட்டார் வரை இருநூறு பேர்.

"அமுக்காத மகள். டிவிடியில போட்டுத் தா" என்றாள் பொண்ணின் உம்மா சுபைறா.

சஹ்லாவுக்குச் சப்பென்று போனது. பொண்டுகள் பக்கத்தை அவள் தனியாக எடுத்து, தனியாக வெட்டி ஒட்டிய முதல் கலியாணம் இது. நாலு பேர் பார்த்தால்தானே அடுத்த கலியாணத்துக்குக் கூப்பிடுவார்கள்?

ஸ்டூடியோ முதலாளி நிஸாம் சிரித்தார்.

"ராத்தா, எங்கட வாப்பா பீட்டா கெசட்ட நம்பினாரு, விஎச்எஸ் அத வெண்டுட்டு. பிறகு சீடி, டிவிடி. இப்ப எல்லாத்தையும் டவுன்லோட் தின்டுட்டு. டிவிடிக்கு நான் எங்க போற?"

"தேடிப் பாருங்க தம்பி."

"பென் டிரைவ்ல தரட்டா?"

"வேணாம். அதையும் போனில குத்திப் பார்ப்பாங்க."

ஓ, அதுதானா விசயம்? பொண்டுகளை ஊர் பார்த்துவிடுமாம். சஹ்லாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பயப்புடாதீங்க மாமி. நாலு மணித்தியாலத்தையும் ஒவ்வொரு செக்கனாப் பார்த்தன். ஸ்கார்ப் விலகின ஆக்கள் எல்லாரையும் வெட்டிட்டன். என்ட கண்ணுக்கு ஒண்டும் தப்பாது."

பொய்யில்லை. மாப்பிள்ளையின் உம்மாவைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

"நேத்து நீ எனக்கு அனுப்பினத நானும் முழுக்கப் பார்த்தன். டிவிடிதான் வேணும்."

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிசியா என்று சஹ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்துப் படித்துச் சொன்னாலும் சிலருக்கு ஏறாது.

அஸர் பாங்கு கேட்டது. நிஸாம் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போனார். அவர் தெருவில் இறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, சுபைறா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"டிவிடி கிடக்கட்டும் மகள். அத ஓட்ட எங்கட ஊட்டுல மெஷினும் இல்ல. பொண்ணுக்கு நகை போடுற இடத்தக் காட்டு."

காட்டினாள். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் அம்ஹா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"முக்காடு ஒழுங்காத்தானே இரிக்கி மாமி?"

"பொண்ணப் பார்க்காத. கண்ணாடிக்குள்ள கெமராவோட நிக்கிறது ஆரு?"

சஹ்லா பார்த்தாள். புழுக்கம் தாங்காமல் ஸ்கார்பைக் கழற்றித் தோளில் போட்டபடி, வேர்த்த கூந்தலோடு ஒருத்தி நின்றாள். சஹ்லாவின் கை தானாகத் தன் தலைக்குப் போனது.

"அத வெட்டிட்டு லிங்க அனுப்பு. ஊரார்ர தலையெல்லாம் பார்த்த நீ உன்ட தலையப் பார்க்கல்ல. நிஸாமுக்கு முன்னால வெச்சு அத நான் எப்பிடி மகள் சொல்ற?"