இருக்கைக்கே வரும் காபி

சரவணம்பட்டியிலுள்ள அந்த ஆபீஸில் யாரும் காபிக்காக எழுந்து போவதில்லை. எழலாமா என்று நினைப்பதற்கு முன்பே, சக்கரம் வைத்த தட்டு ஒன்று உருண்டு வந்து, அவரவருக்குப் பிடித்த காபியையும் சூடான வடையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போகும். எல்லாம் இலவசம். வேலையும் தடையில்லாமல் நடந்தது. பொழுது சாயும் முன்பே எல்லோரும் வீடு திரும்பினார்கள். மெஹருன்னிசாவுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

அன்று தற்செயலாகத் திரும்பியவள், தடுப்புக்கு அப்பால் பக்கத்து மேசையில் குடிக்காத காபிக் கோப்பைகள் ஆறிக் கிடப்பதைப் பார்த்தாள். எழுந்து போனாள். அங்கே ஒருவர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். கூப்பிட வாயெடுத்தவளுக்கு அவர் பெயர் தெரியவில்லை. நாலு வருஷமாகப் பக்கத்து இருக்கை.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள்.

மாரடைப்பு. நல்லவேளை, இப்போதாவது கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொள்வார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர் பெயர் அற்புதராஜ் என்பதே, அவர் மனைவி ஸ்டெல்லா வந்து சொன்ன பிறகுதான் மெஹருன்னிசாவுக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல வாயே திறக்க மாட்டாருங்க. ஆபீஸ்லயாவது பேசுவாரா?"

"நல்லா பேசுவாருங்க. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு" என்றாள் மெஹருன்னிசா.

ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. அப்போது அற்புதராஜ் கண் விழித்தார். மெஹருன்னிசாவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"யாரு இவங்க?"

"பக்கத்து சீட்டு சார்" என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் மெஹருன்னிசா.