யாருக்கு நீங்க கோச்?

"நான் இங்க பேசுறதெல்லாம் என் மகனுக்குப் போகுமா?"

சகாயம்மாள் இப்படித் திடீரென்று கேட்டதும் ஃபெபி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் ஃபெபியின் அறை. வாசலில் 'லைஃப் கோச்' என்று புது போர்டு. முப்பது வயதுதான் இருக்கும். பெங்களூரில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, இதற்கென்று தனியாகப் படித்து, ஊருக்கு வந்து தொடங்கியிருந்தாள்.

சகாயம்மாள் பூதலூரிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் லியோவுக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா வாழ்ந்த வீட்டை விட்டு வர அம்மாவுக்கு மனசு இல்லை என்று லியோ முடிவு கட்டிவிட்டான். உறவுக்காரர்களும் ஆமாம் என்றார்கள். பங்குச்சாமியார் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். கடைசியில் லியோ இணையத்தில் தேடி, அம்மாவின் மனசை மாற்ற ஒரு கோச்சைப் பிடித்தான்.

முதலில் சென்னைக்காரர் ஒருவர். வீடியோவில் வந்தார். பேச்சு முழுக்க அவருடையதுதான். மூன்றே மாதத்தில் உங்கள் வாழ்க்கையை மாற்றிக் காட்டுகிறேன், நான் கேரண்டி என்றார். என் வாழ்க்கை என்னன்னே நீங்க இன்னும் கேக்கலையே என்று சொல்லிவிட்டு சகாயம்மாள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்தது ஃபெபி.

இவள் கேட்டாள். அது சகாயம்மாளுக்குப் பிடித்திருந்தது. புத்திமதி சொல்வது என் வேலை இல்லை, நீங்கள் யோசிக்கும்போது கூட இருப்பதுதான் வேலை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். அதுவும் பிடித்திருந்தது.

ஆனால் போகப் போகக் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. அந்த வீட்டை விட்டுப் போவதில் எது பயமாக இருக்கிறது? சென்னையில் என்னவெல்லாம் நன்றாக இருக்கும்? விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பின்னால் நிரப்பும் பிள்ளைகளை சகாயம்மாள் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் கேட்டாள்.

ஃபெபி பொய் சொல்லவில்லை.

"மாசாமாசம் ரிப்போர்ட் கேட்டிருக்கார் டீச்சர். ஃபீஸ் அவர்தானே கட்டுறார்."

சகாயம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"அப்ப நீங்க லியோவுக்குத்தான் கோச். எனக்கு ஒருத்தரை நானே பாத்துக்கிறேன்."

கதவுவரை போய்விட்டாள்.

"ஒரு நிமிஷம், டீச்சர்."

ஃபெபி போனில் வேகமாக எதையோ எழுதினாள். அனுப்பும் முன் விரல் நின்றது. போர்டு மாட்டிய நாளிலிருந்து நிலையாக ஃபீஸ் வந்த ஒரே இடம் இதுதான். இருந்தாலும் அனுப்பினாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

'அம்மா பேசுவது எதையும் உங்களிடம் சொல்ல முடியாது. நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.'

"இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலை" என்றாள்.

சகாயம்மாள் நின்றபடியே படித்தாள். அப்புறம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஃபீஸ் நான் தர்றேன். இப்ப கேளுங்க."

ஃபெபி கொஞ்சம் யோசித்தாள். இந்தத் தடவை வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?"

இரண்டு வருடமாக எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"மாலத்தீவு."

ஃபெபி தன் காதில்தான் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்தாள்.

போன மாதம் பூண்டி மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு சகாயம்மாள் போனது திருச்சிக்கு. அங்கே ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. ஒரு குட்டித் தீவில் பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர் வேலை, தங்க இடம். அவளை எடுத்துவிட்டார்கள். ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பேசி வைத்திருந்தாள்.

"வீட்டு மேல எனக்கு ஒரு பாசமும் இல்லம்மா. அவர் இருந்தப்பவே ஒழுகும்."

"அப்புறம் என்ன, டீச்சர்?"

"அவன்கிட்ட சொல்ல வரமாட்டேங்குது. அப்பா போனதுலேருந்து தினமும் போன் பண்றான். அம்மா தனியா இருக்காங்களேன்னுதான் பண்றேம்பான். ஆனா நான் எடுக்க லேட்டானா அவன் குரல்தான் நடுங்குது. அவனை விட்டுட்டுக் கடல் தாண்டிப் போறேன்னு எந்த வாயால சொல்றது? அதுக்குத்தான் ஒரு ஆள் வேணும்னு நெனச்சேன்."

எப்படிச் சொல்லலாம் என்று ஃபெபிக்கு ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். காத்திருந்தாள்.

சகாயம்மாளின் போன் அடித்தது. லியோ. மெசேஜைப் பார்த்திருப்பான்.

ஃபெபி வெளியே போக எழுந்தாள். சகாயம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ இரும்மா."

போனை எடுத்தாள்.

"என்னம்மா நடக்குது அங்க? அவங்க என்னென்னமோ மெசேஜ் அனுப்புறாங்க. கடைசியா கேக்குறேன், அந்த வீட்டை விட்டு வருவியா மாட்டியா?"

சகாயம்மாள் மூச்சை இழுத்துவிட்டாள். ஃபெபியின் கையை இன்னும் விடவில்லை.

"வீட்டை விட்டுக் கிளம்புறேன்டா" என்றாள். "எங்கேன்னு சொல்றேன். நீ முதல்ல உக்காரு."