ஈ விரட்டும் வேலை

கைவிடப்பட்ட குதிரைகளைக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளும் இடம் அது. சம்பளம் வாங்காத ஆட்கள்தான் முறை வைத்து வந்து புல் போடுவார்கள்.

புதிதாக வந்த சுருளி, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி போன குதிரை. அதற்கு முன்னங்கால் வீங்கியிருந்தது. "நடக்க விடாதீங்க, அப்புறம் காலே போயிடும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் புல்லைப் பார்த்ததும் சுருளி மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டுத்தான் வாயை வைக்கும். கட்டிப்போட்டால் ஒரு வாய்கூடத் தின்னாது.

"முதுகுல யாருமே இல்லையே, யாருக்குடா சவாரி?" என்று கேட்டது பவளம். அது கல்யாண ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண் குதிரை.

"வேலை செய்யாம தின்னா தொண்டையில இறங்க மாட்டேங்குதுக்கா."

பவளம் புல்லை மென்றபடியே சுருளியின் வீங்கிய காலைப் பார்த்தது.

"அப்போ எனக்கு ஒரு வேலை செய். மூஞ்சியில ஈ மொய்க்குது. என் தலைப்பக்கம் உன் வால் வர்ற மாதிரி நின்னு விரட்டு. ஒரு அடி நகரக் கூடாது, ஆமா."

சுருளி அப்படியே நின்றது. வாலை வீசிக்கொண்டே புல்லைத் தின்றது. ஒரு வாரத்தில் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. புல் போட வந்த ரெஜினா, "இப்பதான்டா நல்ல பிள்ளை" என்று கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் சுருளி கவனித்தது. அதன் மூஞ்சியிலும் ஒரு ஈ இல்லை. பவளத்தின் வால் அங்கே வீசிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்களும் எனக்கு வேலை பாக்குறீங்களா?"

"பேசாம தின்னுடா."