மீட்டருக்கு எவ்வளவு?

பெனவ்தா சுவரை அளந்து முடித்து, டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“மீட்டருக்கு எண்ணூறு தினார். கூலி மட்டும். சிமென்ட், மணல், சாரம் எல்லாம் உங்க செலவு.”

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பேரம் பேசுவது எங்கள் வீட்டில் என் வேலை. என் கணவர் மிலூதிடம் விட்டால், எண்ணூறு கேட்கிறவனுக்குத் தொள்ளாயிரம் கொடுத்து, மேற்கொண்டு காபியும் வாங்கித் தருவார்.

பெனவ்தாவும் லேசுப்பட்டவன் இல்லை. முஸ்தகானம் கடலோரத்தில் எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு வெளிப்பூச்சு அவன் கைதான். சொன்ன விலையில் ஒரு தினார் குறைத்ததாகச் சரித்திரம் இல்லை. பாதிப் பூச்சு முடிந்த பிறகு கொஞ்சம் குறைத்துக்கொள் என்று எதிர்வீட்டு ஸெத்தி கேட்டதும், சாரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த வீடு இன்றைக்கும் பாதி பூச்சும் பாதி செங்கல்லுமாக நிற்கிறது.

வீடு கட்டிய நாளிலிருந்து நானும் வெளிப்பூச்சு, வெளிப்பூச்சு என்று மிலூதின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் செங்கல் தண்ணீரைக் குடித்து உள்சுவரெல்லாம் பூசணம் பூக்கும். அவரிடம் எப்போதும் ஒரே பதில்.

“ரெதுவானோட மாடி எழும்பட்டும்.”

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மகனுக்குக் கல்யாணம் என்றால் அப்பன் வீட்டுக்கு மேலே அவனுக்கு ஒரு மாடி. அதற்காகவே மொட்டைமாடியில் தூண்கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருப்போம். கடைசி மகனின் மாடி முடிகிறவரை வெளியே பூசமாட்டோம். முன்னாலேயே பூசினால் மேல்வேலையின்போது கலவை வழிந்து சுவர் பாழாகும். சாரத்துக்கும் இரண்டாம் முறை தண்டம் அழவேண்டும்.

எங்களுக்கு ரெதுவான் ஒருவன்தான்.

அவன் கோடையில் ஸ்பெயினுக்குப் படகு ஏறினான். பெனவ்தாவின் மகன் நஸீமும் அதே படகில்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. இப்போது மழைக்காலமே தொடங்கிவிட்டது. கம்பி நிற்கிறவரை மாடி உண்டு, மாடி உண்டென்றால் பிள்ளையும் உண்டு என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இப்படி ஏதாவது ஒன்று இல்லாமல் சோறு எப்படி இறங்கும்?

இன்று காலை மிலூத் தானாகவே போய் பெனவ்தாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

“நீதானே கேட்டுக்கிட்டே இருந்தே, கைரா. பூசிடலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சுவரைப் பூசினால், இனி மேலே மாடி இல்லை என்று நாங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி. என் பிள்ளை வரமாட்டான் என்று சொன்ன மாதிரி. அடிமாட்டு விலைக்குக் கேட்டு இவனை விரட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“எண்ணூறா? ஏன், சிமென்ட்ல குங்குமப்பூ கலக்கப் போறியா? ஐநூறு தர்றேன்.”

கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று பார்த்தேன்.

“சரிக்கா. ஐநூறு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

“முந்நூறு. அதுக்கு மேல சல்லிக்காசு கிடையாது.”

முந்நூறுக்குக் கோழிக்கூண்டைக்கூட யாரும் பூசமாட்டார்கள். அதை ஒரு கொத்தனாரிடம் கேட்பதே அவமானப்படுத்துகிற காரியம்.

“சரிக்கா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பூச்சுக்காரனும் டேப்பைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பான், மேலே இன்னும் மாடி வருமா என்று. இவன் கேட்கவே இல்லை.

“மேல மாடி கட்டுறப்போ சுவர் பாழாயிடாதா, பெனவ்தா?”

அவன் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

“கூலியே வேண்டாம்க்கா. சாமான் மட்டும் வாங்கிப் போடுங்க. நான் பூசித் தர்றேன்.”

எங்கள் ஊர் ஆண்கள் கூலி வாங்காமல் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். இறந்தவர்களுக்குக் குழி வெட்டுவது.

மிலூதைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாய் வராமல், நான் இத்தனை நாள் ஆசைப்பட்டுக் கேட்டதையாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம் மனிதர். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் பிள்ளை போய்விட்டான்.

செய்தி எப்படி வந்திருக்கும்? அந்தப் படகில் இருந்த ஒருவன்தான் சொல்லியிருக்க முடியும்.

“நஸீம் போன் பண்ணிட்டானா?”

பெனவ்தா ஆமென்று தலையை அசைத்தான். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

“கரை சேர்ந்துட்டானா?”

“அங்க முகாம்ல வச்சிருக்காங்களாம்க்கா. நேத்துதான் பேச விட்டாங்களாம்.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டு வாசலில் முதலில் உட்கார்ந்து அழுதது பெனவ்தாதான்.